உளச்சிகிச்சையாளரின் கோட்பாடும் அவர் நடத்தும் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளச்சிகிச்சைக்குச் செல்ல எண்ணுபவர்களும், ஏற்கெனவே சென்றுகொண்டிருப்பவர்களும், இத்துறையில் பயிலத் தொடங்கியிருப்பவர்களும் பெரும்பாலும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சிகிச்சையாளரின் கோட்பாடு அவருடைய தனிப்பட்ட நம்பிக்கை என்றும், சிகிச்சை பெறுபவருக்கு அதில் தொடர்பில்லை என்றும் பலர் கருதுகிறார்கள். அக்கருத்து சரியன்று என்பதே இந்தப் பக்கம் எழுதப்பட்டதற்கான காரணம்.

கோட்பாட்டுச் சார்பு என்பது எதைக் குறிக்கிறது?

மனத்துயரம் ஏன் தோன்றுகிறது, எதனால் நீடிக்கிறது, எது நடந்தால் தணியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு சிகிச்சையாளர் ஏற்றுக்கொண்டிருக்கும் விடைகளின் தொகுப்பையே அவருடைய கோட்பாட்டுச் சார்பு என்கிறோம். உளப்பகுப்பாய்வு மரபைச் சேர்ந்தவர், நாம் அறியாத ஆசைகளும் அச்சங்களும் பழைய உறவுகளின் தடங்களும் இன்றைய வாழ்க்கையை இயக்குகின்றன என்று கருதுவார். நடத்தைச் சிகிச்சை மரபில் வந்தவர், கற்றுக்கொண்ட அச்சத்தை வேறு அனுபவங்களின் வழியாக மாற்றிக் கற்க முடியும் என்பார். அறிவாற்றல் சிகிச்சையாளர், நிகழ்ச்சிகளுக்கு நாம் கொடுக்கும் விளக்கத்தில் கவனத்தைச் செலுத்துவார். கார்ல் ராஜர்ஸ் தொடங்கிய மனிதமைய மரபோ, தீர்ப்புக்கு அஞ்சாமல் பேசக்கூடிய ஓர் உறவு அமைந்தால் மனிதர் தாமாகவே வளர்ச்சியை நோக்கி நகர்வார் என்று நம்புகிறது. குடும்பச் சிகிச்சையாளர்கள், துன்பத்தைத் தனியொருவருக்குள் தேடாமல் உறவுகளின் அமைப்பில் தேடுகிறார்கள். இவை தவிர, இருத்தலியல், கதையாடல், ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சை எனப் பல கிளைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்குள்ளும் உட்பிரிவுகளும் உண்டு.

ஒரே மனிதர் வெவ்வேறு சிகிச்சையாளர்களிடம் சென்றால் உண்மையில் என்ன மாறும்?

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதை விளக்கலாம். முப்பத்தைந்து வயதுடைய ஒருவர் தம் வேலையில் தேர்ந்தவர். ஆனால் மேலதிகாரிகள் அமர்ந்திருக்கும் கூட்டங்களில் அவருக்குப் பேச்சு எழுவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே எழுந்து வருகிறார், பின்னர் இரவெல்லாம் தம்மையே நொந்துகொள்கிறார். இவர் சொல்லும் செய்தி எல்லாச் சிகிச்சையாளர்களிடமும் ஒன்றுதான்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையாளர், கடைசியாக நடந்த கூட்டத்தைப் பற்றி நுணுக்கமாகக் கேட்பார். பேச வாயெடுத்த கணத்தில் மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, அதை எவ்வளவு நம்பினீர்கள், அப்போது கண்கள் எங்கே இருந்தன, பேச வேண்டியதை முன்கூட்டியே ஒவ்வொரு சொல்லாக ஒத்திகை பார்த்தீர்களா என்பன அவருடைய கேள்விகள். தாளைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பது, மிகச் சுருக்கமாகப் பேசி முடிப்பது போன்ற தற்காப்புப் பழக்கங்களே அச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்று அவர் கணிப்பார். சில வாரங்களுக்குள், அடுத்த கூட்டத்தில் வேண்டுமென்றே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்து வரும்படி ஒரு சோதனையை இருவரும் சேர்ந்து வகுத்துக்கொள்வார்கள்.

உளப்பகுப்பாய்வு வழியில் வந்தவரிடம் உரையாடல் வேறு திசையில் செல்லும். அதிகாரம் உள்ளவர் முன்னால் வாயடைத்துப்போகும் இந்த அனுபவம் வாழ்க்கையில் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது, வீட்டில் கோபப்பட யாருக்கு உரிமை இருந்தது, பேசினால் என்ன ஆகும் என்ற அச்சத்திற்குள் பிறரை மிஞ்சிவிடும் ஆசையும் ஒளிந்திருக்கிறதா என்று அவர் மெதுவாகத் தேடுவார். மூன்றாவது மாதத்தில் அந்த மனிதர் சிகிச்சையாளர் முன்பும் பேச்சின்றி அமர்ந்திருக்கத் தொடங்கினால், மற்றவர் அதைத் தடங்கலாகப் பார்க்கக்கூடும். இவரோ, ஆராய வேண்டிய பொருளே இப்போதுதான் அறைக்குள் வந்திருக்கிறது என்று கருதுவார். பழைய உறவுகளின் உணர்ச்சிகளைச் சிகிச்சையாளர்மேல் ஏற்றி அனுபவிக்கும் இந்த நிகழ்வே அம்மரபில் சிகிச்சையின் மையம்.

மனிதமையச் சிகிச்சையாளர் பெரும்பாலும் காரணத்தைத் தேடமாட்டார். நொந்துகொள்ளும் அந்த இரவுகளின் வெட்க உணர்வோடு உடனிருந்து, அதை அவர் சொல்லும் விதத்திலேயே கேட்டு, தாம் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். குடும்பச் சிகிச்சையாளர், இந்தத் தயக்கத்தால் வீட்டில் யாருடைய சுமை கூடியிருக்கிறது, இவர் துணிந்து பேசத் தொடங்கினால் முதலில் யார் தடுமாறுவார் என்று கேட்பார். ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சையாளர், படபடப்பு குறைய வேண்டும் என்பதையே இலக்காக ஏற்காமல், படபடப்பு இருக்கும்போதே தமக்கு முக்கியமானதைச் சொல்ல முடியுமா என்பதை முன்வைப்பார்.

இங்கே மாறுவன உத்திகள் மட்டுமல்ல. எது சிக்கல், எது முன்னேற்றம், எப்போது சிகிச்சை முடிகிறது என்பனவும் மாறிவிடுகின்றன. ஆறு மாதங்களுக்குப் பிறகு அந்த மனிதர் தம்மைப் பற்றிச் சொல்லும் கதையும் வெவ்வேறாக இருக்கும்: ஒருவரிடம் சென்றிருந்தால் “என் எண்ணங்கள் என்னை ஏமாற்றின” என்பார், இன்னொருவரிடம் சென்றிருந்தால் “என் தந்தையின் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்” என்பார். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் கதை அவரோடு இருக்கும். கோட்பாட்டைப் பற்றிச் சிகிச்சை பெறுபவர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

இது வெறும் அனுமானமா, அல்லது நேரில் பார்க்க முடிந்திருக்கிறதா?

பார்க்க முடிந்திருக்கிறது. 1965-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பயிற்சித் திரைப்படத்தில், ஒரே பெண்மணியுடன் கார்ல் ராஜர்ஸ், இக்கணத்தில் உணர்வதைக் கவனிக்கவைக்கும் கெஸ்டால்ட் சிகிச்சையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், பகுத்தறிவு உணர்வுச் சிகிச்சையை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸ் ஆகிய மூவரும் தனித்தனியே உரையாடுகிறார்கள். ராஜர்ஸ் பொறுமையாகப் பின்தொடர்கிறார். பெர்ல்ஸ் அவருடைய புன்னகையையும் உடலசைவையும் சுட்டிக்காட்டிச் சீண்டுகிறார். எல்லிஸ் அவருடைய நம்பிக்கைகளை எடுத்துப்போட்டு வாதிடுகிறார். அந்தப் பெண்மணியும் ஒவ்வொருவரிடமும் வேறொருவராகவே தோன்றுகிறார். ராஜர்ஸிடம் கண்கலங்குபவர், பெர்ல்ஸிடம் சினம் கொள்கிறார். மூவருடைய ஆளுமையும் அதில் கலந்திருப்பதால் இதைத் தூய சோதனை என்று கொள்ள முடியாது. ஆயினும் பல தலைமுறை மாணவர்கள் இதைப் பார்த்தே வேறுபாட்டை உணர்ந்தார்கள்.

கோட்பாடு சிகிச்சையாளரின் கணிப்பையும் மாற்றுமா?

மாற்றும். எலன் லேங்கரும் ராபர்ட் ஏபெல்சனும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. உளப்பகுப்பாய்வுப் பின்னணி உடையவர்களுக்கும் நடத்தைச் சிகிச்சைப் பின்னணி உடையவர்களுக்கும் ஒரே நேர்காணலின் பதிவு காட்டப்பட்டது. அதில் பேசுபவர் வேலைக்கு விண்ணப்பித்தவர் என்று சிலரிடமும், நோயாளி என்று சிலரிடமும் சொல்லப்பட்டது. நோயாளி என்று கேள்விப்பட்டதும், உளப்பகுப்பாய்வுப் பின்னணி உடையவர்கள் அவரைக் கணிசமாகக் கூடுதல் பாதிப்பு உடையவராக மதிப்பிட்டார்கள். நடத்தைச் சிகிச்சையாளர்களின் மதிப்பீடு பெயரால் அவ்வளவாக அசையவில்லை. கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் விவரிக்கப் பழகியவர்களுக்கு அந்தப் பெயர் பெரிதாகப் படவில்லை. மேற்பரப்புக்குக் கீழே தேடப் பழகியவர்களோ, தேடியதைக் கண்டுபிடித்தார்கள்.

இதைக் கொண்டு நடத்தைச் சிகிச்சையாளரே நடுநிலையானவர் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். மேற்பரப்பை மட்டும் பார்ப்பவர் தவறவிடுபவையும் உண்டு. அந்த ஆய்வு அவற்றை அளக்க முற்படவில்லை.

சிகிச்சை பெறுபவர்களும் தம் சிகிச்சையாளர் எதை ஆர்வத்தோடு கேட்கிறார் என்பதை விரைவில் உணர்ந்துகொள்கிறார்கள். கனவைச் சொன்னால் முன்னால் சாய்ந்து கேட்பவரிடம் கனவுகள் பெருகும். மனத்தில் ஓடிய எண்ணங்களை எழுதிவரும் எண்ணப் பதிவேட்டைக் கண்டால் மகிழ்பவரிடம் நிரப்பிய தாள்கள் குவியும். இவ்வாறு ஒவ்வொரு மரபும் தன் கோட்பாட்டை உறுதிப்படுத்தும் சான்றுகளைத் தானே விளைவித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. கூர்மையான சிகிச்சையாளர்கள் இதை அறிந்தே இருக்கிறார்கள்.

அமர்வுகளின் நடைமுறையில் என்னென்ன வேறுபாடுகள் தெரியும்?

மரபான உளப்பகுப்பாய்வில் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து அமர்வுகள் வரை, பல ஆண்டுகளுக்கு நீளலாம். படுக்கையில் சாய்ந்தபடி மனத்தில் தோன்றுவதைத் தடையின்றிச் சொல்வதே அங்கு முறை. மனச்சோர்வுக்கான அறிவாற்றல் சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளுக்குள் அமையும்; ஒவ்வொரு அமர்வுக்கும் நிகழ்ச்சிநிரல் உண்டு, வீட்டில் செய்து வர வேண்டிய பயிற்சியும் உண்டு. சிகிச்சையாளர் தம்மைப் பற்றிப் பேசுவதிலும் வேறுபாடு தெரியும். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று நீங்கள் கேட்டால், ஒருவர் உண்டு அல்லது இல்லை என்று இயல்பாகச் சொல்லிவிடுவார். இன்னொருவர், அந்தக் கேள்வி இப்போது ஏன் எழுந்தது என்று உங்களையே கேட்பார். இரண்டாமவர் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதாக நினைக்க வேண்டியதில்லை. அவருடைய மரபில் அதுவே பொறுப்பான விடை. ஆனால் அந்த முறையை முன்கூட்டியே விளக்காமல் இருப்பதைப் பொறுப்பான செயல் என்று சொல்ல முடியாது.

ஒருவர் தம் கோட்பாட்டை எவ்வாறு தேர்ந்துகொள்கிறார்?

ஆய்வு முடிவுகளை எல்லாம் படித்து, எடைபோட்டுத் தேர்கிறார் என்று எண்ணத் தோன்றும். நடைமுறையில், பயின்ற கல்வி நிறுவனத்தில் எது கற்பிக்கப்பட்டது, முதல் மேற்பார்வையாளர் யார், தாமே சிகிச்சை பெற்றபோது எது உதவியது, உலகத்தை எப்படிப் பார்க்கும் இயல்பு தமக்கு இருக்கிறது என்பனவே பெரும்பங்கு வகிக்கின்றன. ஒழுங்கையும் அளவீட்டையும் விரும்புபவர் ஒருபக்கம் சாய்கிறார். தெளிவின்மையைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர் மறுபக்கம் சாய்கிறார்.

சிலர் சான்றுகளால் மாறியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக், உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய சினம் என்ற கருத்தை மெய்ப்பிக்கும் நோக்கத்தோடு, மனச்சோர்வுற்றவர்களின் கனவுகளை அவர் ஆராய்ந்தார். எதிர்பார்த்த பகையுணர்ச்சிக்குப் பதிலாக இழப்பும் தோல்வியும் புறக்கணிப்புமே அக்கனவுகளில் நிறைந்திருந்தன. கனவுகள் காட்டியதை அவர் விலக்கிவைக்கவில்லை; தம் கோட்பாட்டை மாற்றிக்கொண்டார். இந்த நேர்மையை ஒவ்வொரு மரபிலும் உள்ளவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அறிவாற்றல் சிகிச்சையாளர்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

எந்தக் கோட்பாடு சிறந்த பலனைத் தருகிறது?

சால் ரோசன்ஸ்வைக் 1936-இலேயே, வெவ்வேறு சிகிச்சைகள் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தரக்கூடும் என்றும், அவற்றுக்குப் பொதுவான கூறுகளே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார். 1977-இல் மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, சிகிச்சை பெற்றவர்களில் சராசரியான ஒருவர், சிகிச்சை பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்று தெரிந்தது. சிகிச்சை வகைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு மிகச் சிறியது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் நடத்தி 1989-இல் முடிவு வெளியான மனச்சோர்வு ஆய்விலும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் உறவுகளை மையப்படுத்தும் சிகிச்சைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் இந்தச் சமநிலை எல்லா நோய்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது தவறு. குறிப்பிட்ட பொருள்களின்மீது வரும் மிகையச்சத்துக்கு, அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை உறுதியான பலன் தருகிறது. எண்ணச் சுழற்சி நோயில், அதாவது மீண்டும் மீண்டும் கைகழுவுதல், சரிபார்த்தல் போன்ற கட்டாயச் செயல்கள் வாழ்க்கையை முடக்கும் நிலையில், அச்சத்தை எதிர்கொண்டு, வழக்கமான கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. இந்நோய் உள்ள ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் குழந்தைப்பருவத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, எதிர்கொள்ளும் முறை ஒன்று உண்டு என்பதைக்கூடச் சொல்லாமல் விடுவதை, கோட்பாட்டுச் சுதந்திரம் என்ற பெயரில் ஏற்றுக்கொள்ள இயலாது.

ஆய்வுகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். லெஸ்டர் லுபோர்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1999-இல் காட்டியபடி, ஆய்வை நடத்துபவர் எந்தச் சிகிச்சையின் பக்கம் நிற்கிறாரோ அந்தச் சிகிச்சையே அவருடைய ஒப்பீடுகளில் பெரும்பாலும் முந்துகிறது. கோட்பாட்டுச் சார்பு சிகிச்சை அறையோடு நின்றுவிடுவதில்லை.

பல நேரங்களில் பலன் சமமாக இருக்கிறது என்றால், கோட்பாடு எதற்கு?

ஜெரோம் ஃபிராங்க் 1961-இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவுகிறது. பலன் தரும் எல்லாச் சிகிச்சைகளிலும் நான்கு கூறுகள் உள்ளன என்றார் அவர்: நம்பிக்கை மிகுந்த ஓர் உறவு, குணமாவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடம், துன்பத்துக்கான ஏற்கத்தக்க விளக்கம், அந்த விளக்கத்திலிருந்து பிறக்கும் செயல்முறை. கடைசி இரண்டையும் கோட்பாடே தருகிறது. விளக்கம் இல்லாமல் பரிவோடு மட்டும் கேட்பவர், தொடக்கத்தில் ஆறுதல் தருவார். சிக்கல் இறுகும்போது அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்.

எட்வர்ட் போர்டின் 1979-இல், சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, அதற்காகச் செய்யவேண்டியவற்றில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. உறவு என்றதும் பலர் மூன்றாவதை மட்டுமே நினைக்கிறார்கள். முதல் இரண்டையும் பற்றிப் பேச வேண்டுமானால் சிகிச்சையாளருக்குத் தெளிவான ஒரு கோட்பாடு இருந்தாக வேண்டும். ஆகவே, உறவுதான் முக்கியம், கோட்பாடு முக்கியமில்லை என்ற எதிர்நிலையே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

சிகிச்சையாளர்கள் தாம் சொல்லும் கோட்பாட்டின்படியே செயல்படுகிறார்களா?

முழுமையாக இல்லை. ஃபிரெட் ஃபீட்லர் 1950-இல் நடத்திய ஆய்வில், வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்த அனுபவசாலிகள் ஏற்படுத்தும் சிகிச்சை உறவு, அவரவர் மரபிலேயே உள்ள புதியவர்களின் உறவைவிட ஒன்றோடொன்று நெருங்கியதாக இருந்தது. சார்ல்ஸ் ட்ரூவாக்ஸ் 1966-இல், சிகிச்சை பெறுபவருக்குத் திசைகாட்டாதவர் என்று அறியப்பட்ட ராஜர்ஸின் அமர்வுப் பதிவுகளையே ஆராய்ந்தார். சிகிச்சை பெறுபவர் சில வகையில் பேசும்போது ராஜர்ஸின் பரிவும் ஏற்பும் கூடுவதும், அவ்வகைப் பேச்சு நாளடைவில் பெருகுவதும் அதில் தெரிந்தன. திசைகாட்டாமல் இருக்கத் தம் வாழ்நாளை அர்ப்பணித்த ஒருவரும்கூட, தலையசைப்பால் திசைகாட்டிக்கொண்டிருந்தார். இதனால் ராஜர்ஸின் பெருமை குறைவதாக நான் நினைக்கவில்லை. தம் அமர்வுகளைப் பதிவுசெய்து ஆய்வுக்குத் திறந்துவிட்ட முன்னோடிகளில் அவர் ஒருவர் என்பதால்தான் இதை நம்மால் அறிய முடிந்தது.

கோட்பாட்டை இம்மியும் பிசகாமல் பின்பற்றுவது நல்லதுதானே?

பயிற்சிக் காலத்தில் ஒரு முறையை ஒழுங்காகக் கற்பது அவசியம். ஆனால் சிக்கல் வரும் கணத்தில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது தீமை செய்யலாம். லூயி காஸ்டோங்கேயும் குழுவினரும் 1996-இல் மனச்சோர்வுக்கான அறிவாற்றல் சிகிச்சையை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். எண்ணங்களின் பிழைகளே துயரத்துக்குக் காரணம் என்பதைச் சிகிச்சையாளர் கூடுதலாக வலியுறுத்திய இடங்களில், பலன் குறைவாக இருந்தது. பதிவுகளை உற்றுநோக்கியபோது காரணம் புலப்பட்டது: சிகிச்சை பெறுபவர் மனம் ஒப்பாமல் தயங்கும்போதும், சிகிச்சையாளர்மேல் அதிருப்தி காட்டும்போதும், சில சிகிச்சையாளர்கள் அந்த விரிசலைப் பற்றிப் பேசாமல், முறையை இன்னும் அழுத்தமாகச் செலுத்தினார்கள்; அதிருப்தியையும் திருத்தப்பட வேண்டிய ஒரு பிழையான எண்ணமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இது ஒரு மரபின் குறை மட்டுமன்று. உளப்பகுப்பாய்வாளர் அதே அதிருப்தியை உள்ளெதிர்ப்பு என்று பெயரிட்டு ஒதுக்க முடியும். மனிதமையச் சிகிச்சையாளர், தெளிவான அறிவுரை வேண்டும் என்று மன்றாடுபவரிடம், அவருடைய வேண்டுதலையே மென்மையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க முடியும். ஒவ்வொரு கோட்பாட்டிலும், எதிரே இருப்பவர் சொல்லும் மறுப்பைக் கோட்பாட்டுக்குச் சான்றாக மாற்றிவிடும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைத் தம் மரபில் அடையாளம் கண்டு, அதன் வாயிலில் நின்று தயங்கத் தெரிந்தவரையே நான் தேர்ந்த சிகிச்சையாளர் என்பேன். ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டஃபர் முரானும் இத்தகைய விரிசல்களை வெளிப்படையாகப் பேசிச் சரிசெய்வதையே சிகிச்சையின் ஒரு பகுதியாக வளர்த்தெடுத்தார்கள். இன்று பல மரபினரும் அதைக் கற்கிறார்கள்.

கோட்பாட்டால் உண்மையான தீங்கு நேர்ந்திருக்கிறதா?

நேர்ந்திருக்கிறது, இதை மறைப்பது நேர்மையாகாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாயின் பாசமின்மையே குழந்தையின் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற விளக்கம் செல்வாக்குப் பெற்றிருந்தது. குற்றமற்ற எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964-இல் அதை மறுத்து, உயிரியல் காரணங்களை முன்வைத்தார். பின்னர் அந்தப் பழைய விளக்கம் கைவிடப்பட்டது. 1980-களிலும் 1990-களிலும், மறந்துபோன குழந்தைப்பருவ வன்கொடுமையே எல்லாத் துயரங்களுக்கும் வேர் என்று நம்பிய சில சிகிச்சையாளர்கள், அறிதுயிலையும் தூண்டும் கேள்விகளையும் கொண்டு நினைவுகளைத் தேடினார்கள். நடக்காத நிகழ்ச்சிகளை நடந்ததாக மனிதர்களை நினைக்கவைக்க முடியும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. உண்மையாகவே வன்கொடுமைக்கு ஆளானவர்கள் ஏராளம் என்பதால், இந்தத் தவறு இருபுறமும் காயப்படுத்தியது.

பலன் இல்லாதபோதும் தொடர்வது மற்றொரு தீங்கு. 1979-இல் அமெரிக்காவில் கடுமையான மனச்சோர்வுடன் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்ந்த மருத்துவர் ஒருவருக்கு, ஏறத்தாழ ஏழு மாதங்கள் உளப்பகுப்பாய்வு வழியிலான சிகிச்சை மட்டுமே தரப்பட்டது. நிலை மோசமாகிக்கொண்டே சென்றபோதும் மருந்து தரப்படவில்லை. வேறொரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கப்பட்ட பின் அவர் விரைவில் தேறினார். அவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தாலும், மாற்றுச் சிகிச்சைகளைப் பற்றி நோயாளிக்குச் சொல்லும் கடமையைக் குறித்த நீண்ட விவாதத்தை அது தொடங்கிவைத்தது.

இத்தகைய நிலைகளில் சிகிச்சையாளரின் உள்ளுணர்வை மட்டும் நம்ப முடியாது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை பெற்ற 550 பேரில் 40 பேரின் நிலை மோசமாகியிருந்தது. மூவருக்கு மட்டுமே மோசமாகும் என்று சிகிச்சையாளர்கள் கணித்திருந்தார்கள், அதிலும் ஒரு கணிப்பே சரியாக இருந்தது. அதனால்தான், ஒவ்வொரு அமர்விலும் சிறிய வினாப்படிவத்தின் மூலம் நிலையை அளந்து பார்ப்பது எல்லா மரபினருக்கும் தேவையாகிறது.

பல கோட்பாடுகளைக் கலந்து செயல்படுபவரிடம் செல்லலாமா?

செல்லலாம், இன்று கணிசமான சிகிச்சையாளர்கள் தம்மை அவ்வாறே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கலவையிலும் வகைகள் உண்டு. ஆர்னால்ட் லாசரஸ், கோட்பாடுகளைக் கலக்காமல், பலன் தரும் உத்திகளை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பால் வாக்டெல் 1977-இல் உளப்பகுப்பாய்வையும் நடத்தைச் சிகிச்சையையும் ஒரே விளக்கத்துக்குள் இணைக்க முயன்றார். மார்ஷா லினஹன், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கும் தற்கொலை எண்ணம் நீங்காதவர்களுக்கும், நடத்தை மாற்றத்தையும் ஜென் மரபிலிருந்து வந்த ஏற்பையும் இணைத்து ஒரு சிகிச்சையை வடிவமைத்தார். இவையெல்லாம் சிந்தித்துச் செய்யப்பட்டவை. அன்றன்றைக்குக் கைக்கு வந்ததைச் செய்துவிட்டு அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயரிடுவது வேறு. இந்த உத்தியை இவருக்கு இப்போது ஏன் எடுத்தேன் என்று சொல்ல முடிகிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

சிகிச்சையாளரிடம் அவருடைய கோட்பாட்டைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லை, அது உங்கள் உரிமை. எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று மட்டும் கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும், அதற்குமேல் ஒன்றும் கிடைக்காது. என்னுடைய சிக்கலை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள், நாம் இருவரும் இங்கே என்ன செய்யப்போகிறோம், எத்தனை வாரங்களில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கலாம், மாற்றம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள், இந்தச் சிக்கலுக்கு வேறு என்ன சிகிச்சைகள் உள்ளன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் விடையைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். தம் முறையைத் தவிர மற்றவையெல்லாம் மேலோட்டமானவை என்றோ காலாவதியானவை என்றோ சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை.

சிகிச்சை எனக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் உடனே மாறிவிட வேண்டுமா?

முதலில் அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். பேசுவதைவிடச் செய்ய விரும்புகிறேன், அல்லது பயிற்சித் தாள்கள் வேண்டாம், என் இழப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலான சிகிச்சையாளர்கள் வழியை மாற்றிக்கொள்ள முயல்வார்கள். இந்த உரையாடலே சில நேரங்களில் தேங்கியிருந்த சிகிச்சையை நகரச்செய்கிறது. சொல்லியும் அவர் உங்கள் அதிருப்தியை நோயின் அறிகுறியாகவே தொடர்ந்து விளக்கினாலோ, இரண்டு மூன்று மாதங்களாகியும் நிலையில் எந்த அசைவும் இல்லாமல், அதைப் பற்றிப் பேசவும் அவர் முன்வராவிட்டாலோ, வேறொருவரை நாடுவது முறையானதே. அவ்வாறு மாறும்போது, முந்தைய சிகிச்சையில் எது உதவியது, எது உதவவில்லை என்பதைப் புதியவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, உணவும் உறக்கமும் முற்றிலும் குலைந்திருந்தாலோ, கோட்பாட்டுப் பொருத்தத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மனநல மருத்துவரைக் காண வேண்டும். எந்த வகை உளச்சிகிச்சை என்பதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.